விட்டு விட்டு வரும் சர்வர் கோளாறு: ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளிலும், பண்டிகைக் கால டிக்கெட் முன்பதிவு தொடங்கும் காலையிலும் 'சர்வர் கோளாறால் மக்கள் அவதி' என்று செய்தி வருவதும், மறுநாள் 'கோளாறு சரிசெய்யப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு அது முடிந்துபோவதும் நம் நாளிதழ்களில் வழக்கமாகிவிட்டன. கோளாறு என்ன, எங்கே இருந்தது, மறுபடி வராது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்வர் பராமரிப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்தக் கேள்விகள் கேட்கப்பட வேண்டியவை என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். முழுவதுமாக நின்றுபோகும் சர்வரைப் பற்றி நான் எழுதவில்லை. அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு முறை வந்து, இரண்டு முறை வராமல், மீண்டும் தலைகாட்டும் பிழையைப் பற்றியே எழுதுகிறேன். விட்டு விட்டு வரும் காய்ச்சலைப் போல, மருத்துவரிடம் காட்டும்போது உடம்பு சுடாது.

இத்தகைய பிழைகள் அதிகம் பிறக்கும் இடம் ஒன்று உண்டு. தொழிலில் அதைக் 'கேஷ்' என்போம். தமிழில் இடைச்சேமிப்பு என்று சொல்லலாம். அடிக்கடி கேட்கப்படும் தகவலை ஒவ்வொரு முறையும் எல்லாத் தகவலும் சேமிக்கப்பட்டிருக்கும் தரவுத்தளத்தில் போய்த் தேடாமல், நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. 2003ஆம் ஆண்டு லைவ்ஜர்னல் என்ற தளத்துக்காக பிராட் பிட்ஸ்பேட்ரிக் உருவாக்கிய மெம்கேஷ்டும், 2009இல் சால்வடோர் சான்பிலிப்போ வெளியிட்ட ரெடிஸும் இன்று உலகெங்கும் இந்த வேலையைச் செய்கின்றன. தகவல் பெருகும்போது ஒரு சர்வர் போதாது. நான்கு, பத்து, நூறு என்று பிரித்து வைக்கிறார்கள். மெம்கேஷ்டு முறையில் இந்தச் சர்வர்களுக்கு ஒன்றையொன்று தெரியவே தெரியாது. ஒவ்வொரு தகவலுக்கும் 'கீ' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஒரு கணக்கில் போட்டு, இது மூன்றாவது சர்வரில் இருக்க வேண்டும், அது முதல் சர்வரில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது கேட்கும் தரப்புச் செயலிதான். ஆகவே ஒரு சர்வரில் மட்டும் ஏதாவது கெட்டால் எல்லோருக்கும் கெடாது. அந்தச் சர்வரின் பங்குக்கு விழுந்த கீகளுக்கு மட்டும் கெடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ராசி பலன் போலத் தோன்றும்.

என் அனுபவத்தில் ஒன்றை விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் டோக்கன் வழங்கும் மென்பொருளைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழு பராமரித்து வந்தது. காலை ஆறு மணிக்குக் கவுண்டர் திறக்கும். வெளியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஐந்தரைக்கே வரிசையில் நிற்பார்கள். கவுண்டரில் இருப்பவர் மருத்துவரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய நேரப் பட்டியல் இடைச்சேமிப்பிலிருந்து திரைக்கு வர வேண்டும். சில நாட்களில் வரும். சில நாட்களில் ஐந்து நொடி காத்திருந்து 'தற்காலிகப் பிழை, மீண்டும் முயற்சிக்கவும்' என்று வரும். எலும்பு மருத்துவருக்கு மறுத்த திரை, கண் மருத்துவருக்கு உடனே திறக்கும். தோல் மருத்துவருக்கு மறுபடி மறுக்கும். மறுநாள் எலும்பு மருத்துவருக்கு ஒரு தொல்லையும் இராது, கண் மருத்துவருக்கு மறுக்கும்.

புகார் வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, செயலியை ரீஸ்டார்ட் செய்தது. உடனே சரியாகிவிட்டது. மறுநாள் காலை மீண்டும் வந்தது. மீண்டும் ரீஸ்டார்ட். ஒரு வாரம் கழித்து, தினமும் காலை 5.30க்குத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி ஒருவர் அமைத்துவிட்டார். அதன்பின் புகார் பாதியாகக் குறைந்தது. அது எங்களுக்கு வாய்த்த மிகப் பெரிய தீங்கு என்பதை இப்போது அறிவேன். புகார் குறையாமல் இருந்திருந்தால் தேடியிருப்போம். குறைந்ததால் பாதிப் பேர் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றார்கள், மீதிப் பேர் கவுண்டரில் இருப்பவர்களுக்குக் கணினி பழகவில்லை என்றார்கள். கண்காணிப்புத் திரையிலோ இடைச்சேமிப்புச் சர்வர்கள் நான்கும் நாள் முழுவதும் பச்சை விளக்குடன் நலமாக இருந்தன.

கடைசியில் வழிகாட்டியவர் கவுண்டரில் இருந்த ஒரு பெண் ஊழியர். நான் நேரில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலையில், பிழை வந்ததும் அவர் சற்றும் தயங்காமல் அதே பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினார். "மூணு தடவை அமுக்கோணும் சார், நாலாவது தடவை வந்துருமுங்க" என்றார். எப்போதும் மூன்று தடவைதானா என்று கேட்டேன். எப்போதும் மூன்றுதான் என்றார். மதியம் கவுண்டரை மூடிவிட்டு மூன்று மணிக்குத் திறக்கும்போதும் அப்படியே என்றார். பிழை 'எப்போதாவது' வருகிறது என்று நாங்கள் வாரக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்த இடத்தில், அவரிடம் ஓர் எண் இருந்தது, இரண்டு நேரங்கள் இருந்தன. அதை எங்களிடம் அவர் சொல்லாமல் இல்லை. புகாரைப் பதிவு செய்தவர்கள் அதை 'மீண்டும் முயன்றால் வருகிறது' என்று சுருக்கி எழுதிவிட்டார்கள்.

மூன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். செயலி ஒவ்வோர் இடைச்சேமிப்புச் சர்வருக்கும் மூன்று கனெக்‌ஷன்களை எப்போதும் திறந்து வைத்திருக்கும்படி அதில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக இணைவதற்கு நேரமாகும் என்பதால் இப்படிச் சேர்த்து வைப்பது வழக்கம். அப்படியானால் காலையில் அந்த மூன்றும் செத்துக் கிடக்கின்றன, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒன்று தூக்கி எறியப்படுகிறது, நான்காவது முறை புதிய கனெக்‌ஷன் பிறக்கிறது என்றுதான் பொருள். அவற்றைக் கொன்றது எது?

மறுநாள் காலை ரீஸ்டார்ட்டை நிறுத்திவைக்கச் சொன்னேன். எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் பிழையை வரவிடுவது எனக்கும் மனதுக்கு ஒப்பான காரியம் அல்ல. ஆயினும் வேறு வழியில்லை. செயலி இருந்த கணினியிலும் இடைச்சேமிப்புச் சர்வரிலும் ஒரே நேரத்தில் நெட்வொர்க் பொட்டலங்களை, அதாவது கணினிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தகவல் துண்டுகளைப் பதிவு செய்தோம். செயலியின் பக்கம் கோரிக்கை கிளம்பியிருந்தது. பதில் வராததால் 0.2 நொடி, 0.4, 0.8, 1.6 என்று இடைவெளி இரட்டித்தபடி நான்கு முறை மறுபடி அனுப்பப்பட்டிருந்தது. ஐந்தாவது நொடியில் செயலி பொறுமையிழந்து பிழை காட்டியிருந்தது. சர்வரின் பக்கப் பதிவில் அந்தப் பொட்டலங்களில் ஒன்றுகூட இல்லை. கதவைத் தட்டிய சத்தமே உள்ளே கேட்கவில்லை.

நடுவில் இருந்தது ஒரு ஃபயர்வால், அதாவது நெட்வொர்க்கில் போவதையும் வருவதையும் சோதித்து விடும் காவல் அமைப்பு. இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த பாதுகாப்புத் தணிக்கையை அடுத்து, செயலிக்கும் இடைச்சேமிப்புக்கும் இடையே அது வைக்கப்பட்டிருந்தது. முப்பது நிமிடம் ஒரு கனெக்‌ஷனில் பேச்சு இல்லை என்றால் அதைத் தன் பட்டியலிலிருந்து அது நீக்கிவிடும். நீக்கியதை இரு பக்கமும் சொல்லாது. அதன்பின் அந்தக் கனெக்‌ஷனில் வருவதைச் சத்தமின்றிக் கீழே போட்டுவிடும். 'உயிரோடு இருக்கிறாயா' என்று இடையிடையே கேட்டுக்கொள்ளும் கீப்அலைவ் வசதி லினக்ஸ் இயங்குதளத்தில் உண்டு. ஆனால் யாரும் மாற்றாதவரை அதன் இயல்பு நேரம் 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விசாரிப்பவருக்கு முப்பதாவது நிமிடத்தில் நேர்ந்த சாவு எப்படித் தெரியும்? ரெடிஸின் அண்மைப் பதிப்புகள் இதை 300 நொடியாக வைத்துள்ளன. நாங்கள் வைத்திருந்தது மெம்கேஷ்டு.

இது புரிந்ததும் மற்றவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கீயின் பெயரில் மருத்துவரின் எண்ணோடு அன்றைய தேதியும் சேர்ந்திருந்தது. தேதி மாறினால் பெயர் மாறும், பெயர் மாறினால் கணக்கு மாறும், எந்தச் சர்வர் என்பதும் மாறும். எலும்பு மருத்துவரும் கண் மருத்துவரும் ஒரே சர்வரில் விழுந்த நாளில், முன்னவருக்காக மூன்று முறை அழுத்தியதன் பலன் பின்னவருக்குக் கிடைத்தது. வெவ்வேறு சர்வரில் விழுந்த நாளில் கிடைக்கவில்லை. காலை 5.30 ரீஸ்டார்ட் ஏன் பாதி மட்டும் உதவியது என்பதற்கும் விடை இதிலேயே இருந்தது. 5.30க்குப் பிறந்த கனெக்‌ஷன் சரியாக ஆறு மணி வரைதான் உயிரோடு இருக்கும். ஊழியர் இரண்டு நிமிடம் முன்னதாக வந்து முதல் டோக்கனைப் போட்டுவிட்டால் அந்த ஒன்று பிழைத்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் தாமதித்தால் நான்கு சர்வர்களுக்கும் மும்மூன்றாக இருந்த பன்னிரண்டும் போய்விடும். பச்சை விளக்கு காட்டிய கண்காணிப்புக் கணினியோ ஃபயர்வாலுக்கு உட்புறம், இடைச்சேமிப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது நிமிடத்துக்கு ஒரு முறை சர்வரைக் கேட்டது. அதன் வழியில் ஃபயர்வாலும் இல்லை, முப்பது நிமிட அமைதியும் இல்லை. நோயாளி நடந்துவரும் பாதையில் நடந்து பார்க்காத கண்காணிப்பு அது.

திருத்தம் சில வரிகளில் முடிந்தது. கீப்அலைவை ஐந்து நிமிடமாக்கினோம். பத்து நிமிடம் சும்மா கிடந்த கனெக்‌ஷனைப் பயன்படுத்தும் முன் ஒரு சிறு கேள்வி கேட்டுச் சோதிக்கும்படி செய்தோம். நீக்கும்போது இரு பக்கமும் அறிவிக்கும்படி ஃபயர்வாலை மாற்றச் சொன்னோம். தானியங்கி ரீஸ்டார்ட்டை எடுத்துவிட்டோம். பிழை நின்றது.

இடைச்சேமிப்பு பதில் சொல்லாவிட்டால் நேராகத் தரவுத்தளத்தைக் கேட்க வேண்டியதுதானே என்று வாசகர் கேட்கக்கூடும். எங்கள் குழுவிலும் அப்படித்தான் முதலில் சொன்னார்கள். ஒரு மருத்துவமனைக் கவுண்டருக்கு அது சரி, பின்னர் அதையும் செய்தோம். ஆனால் பெரிய தளங்களில் அந்தக் கருணையே ஆபத்தாகிவிடும். 2010 செப்டம்பர் 23 அன்று பேஸ்புக் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முடங்கியது. அமைப்பு விவரங்களில் ஒரு தவறான மதிப்பு நுழைந்துவிட்டது. அதைக் கண்ட ஒவ்வொரு சர்வரும், இடைச்சேமிப்பில்தான் தவறு என்று கருதி, சரியான மதிப்பைக் கேட்டுத் தரவுத்தளத்திடம் போனது. நொடிக்கு லட்சக்கணக்கான கேள்விகள் குவிந்ததில் தரவுத்தளம் திணறிப் பிழை சொன்னது. அந்தப் பிழையையும் தவறான மதிப்பாகவே கருதி, இடைச்சேமிப்பில் இருந்த கீயை அழித்துவிட்டு மறுபடி கேட்டன. மூலக் கோளாறு திருத்தப்பட்ட பின்னும் இந்தச் சுழற்சி நிற்கவில்லை. தளத்தையே நிறுத்திக் கூட்டத்தைக் கலைத்த பிறகுதான் தரவுத்தளம் மூச்சுவிட்டது. 'மீண்டும் முயற்சிக்கவும்' என்ற வாசகத்தை மக்களுக்குக் காட்டும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது. தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் லட்சக்கணக்கான மாணவர்களை ஒரே நொடியில் மீண்டும் அழுத்தச் சொல்வது, கதவில் நெரிசலை நாமே உண்டாக்குவதாகும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒரு கீ காலியானால் அதை நிரப்பும் உரிமையை ஒரே ஒருவருக்குக் கொடுத்து, மற்றவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்வது ஒரு வழி. 2013இல் பேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், இந்த முறையால் தரவுத்தளத்தின் உச்சகட்டச் சுமை நொடிக்கு 17,000 கேள்விகளிலிருந்து 1,300ஆகக் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். மீண்டும் முயலும் இடைவெளியை ஆளுக்கு ஆள் மாற்றி வைப்பது இன்னொரு வழி. இரண்டும் செலவு குறைந்தவை.

இடைச்சேமிப்பில் விட்டு விட்டு வரும் பிழையை 'சின்னத் தொல்லை' என்று ஒதுக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தகவல் வராமல் போவதைவிட, ஒருவருடைய தகவல் வேறொருவருக்கு வருவது கொடிது. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் அதுதான் நடந்தது. ரெடிஸோடு பேசுவதற்கான ஆயத்த நிரல் தொகுப்பில் ஒரு வழு, அதாவது நிரல் பிழை, இருந்தது. கேள்வி அனுப்பிய பிறகு, பதில் வருவதற்குள் அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டால், பதில் மட்டும் கனெக்‌ஷனிலேயே தங்கிவிடும். அடுத்து அதே கனெக்‌ஷனில் கேட்டவருக்கு முந்தையவரின் பதில் கிடைக்கும். சாதாரண நாளில் மிக அரிதாக நேரக்கூடியது. அன்று சர்வரில் செய்த ஒரு மாற்றத்தால் கைவிடப்படும் கோரிக்கைகள் பெருகவே, வழு வெளிப்பட்டது. மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் சிலருக்குத் தெரிந்தன. ஒன்பது மணி நேர இடைவெளியில் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 விழுக்காட்டினரின் பெயர், மின்னஞ்சல், அட்டையின் கடைசி நான்கு எண்கள் போன்றவை பிறர் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனமே அறிவித்தது. 2015 கிறிஸ்துமஸ் நாளன்று ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில், இடைச்சேமிப்பு அமைப்பில் நேர்ந்த தவறால் சுமார் 34,000 பேரின் விவரங்கள் அடங்கிய பக்கங்கள் பிறருக்குக் காட்டப்பட்டிருக்கக்கூடும் என்று அறிவிக்கப்பட்டதும் இதே வகைதான். மருத்துவக் குறிப்பும் வங்கிக் கணக்கும் இதே தொழில்நுட்பத்தின் மீது நிற்கின்றன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 'எனக்கு வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்தது, புதுப்பித்ததும் சரியாகிவிட்டது' என்று ஒரே ஒருவர் சொன்னாலும், அந்த நிமிடமே எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதைத் தேட வேண்டும்.

நான் சொல்ல விரும்புவது ரீஸ்டார்ட் கூடாது என்பதல்ல. வரிசையில் மக்கள் நிற்கும்போது முதலில் சேவையை மீட்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரீஸ்டார்ட் செய்தவுடன் செத்த கனெக்‌ஷன்களும், நிரம்பிய நினைவகமும், தேங்கிய கோரிக்கைகளும் மறைந்து, சான்று முழுவதும் கழுவப்பட்டுவிடுகிறது. அதற்கு முன் இரண்டு நிமிடம் போதும். எத்தனை கனெக்‌ஷன்கள் எந்த நிலையில் இருக்கின்றன, எந்தச் சர்வருக்குப் போன கோரிக்கை தோற்றது, எத்தனை நொடி காத்திருந்து தோற்றது என்பதைப் பதிவு செய்துவிடலாம். பழகியவருக்குக் காத்திருந்த நொடியே பாதி விடை சொல்லும். ஐந்து ஐந்து நொடியாகத் தாமதித்தால் சர்வரின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்கலாம், ஏனெனில் லினக்ஸில் அது ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருக்கும் இயல்பு நேரம் ஐந்து நொடி. சரியாக ஒரு நொடி என்றால் இணைப்பைத் தொடங்கும் முதல் பொட்டலம் வழியில் தொலைந்திருக்கலாம். ஆனால் பல அலுவலகங்களில் லாக் எனப்படும் நிகழ்வுப் பதிவில் 'பிழை' என்ற ஒரு சொல்லைத் தவிர சர்வரின் பெயரும் இருப்பதில்லை, கீயும் இருப்பதில்லை, நேரமும் நொடிக் கணக்கில் இருப்பதில்லை. நான்கு சர்வர்களின் கடிகாரமும் நான்கு நேரம் காட்டினால், இருக்கும் லாக்கையும் ஒன்றோடொன்று பொருத்த முடியாது.

மேலே சொன்ன நிறுவனங்கள் தங்கள் தவறின் காரணத்தைச் சில நாட்களுக்குள்ளேயே வெளிப்படையாக எழுதின. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள முடிந்தது. மக்கள் வரிப்பணத்திலும் மக்கள் கட்டணத்திலும் நடக்கும் சேவைகளும் அவ்வாறே எழுத வேண்டும் என்று கேட்பது மிகையாகாது. தங்கள் செய்தியாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 'கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று ஓர் அதிகாரி சொல்லும்போது, காரணம் கண்டறியப்பட்டதா, அல்லது ரீஸ்டார்ட் மட்டும் செய்யப்பட்டதா என்று தயவுசெய்து கேளுங்கள். கிடைக்கும் விடை எதுவாயினும் அதைச் செய்தியில் சேருங்கள். அப்படியே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரிடமும் ஒரு நிமிடம் பேசுங்கள். எத்தனை தடவை அழுத்தினால் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சர்வர் பராமரிப்புப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.